நாற்பத்து மூன்று ‘இன்னான்ற’

தமிழ் உரைநடை விடுதலை அடைந்த நாள் 1979 ஜனவரி பதினான்கு. இடம், நெய்வேலி பதினாறாம் பிளாக், ஜெயராமன் குவார்ட்டர்ஸின் முன்னறை. ‘வந்து’, ‘அதாவது’, ‘பார்த்தீர்களானால்’ போன்ற வெட்டிச் சொற்கள் இனி நமது கையெழுத்துப் பத்திரிகைக்குள் நுழையக்கூடாது என்று அன்று தீர்மானம் நிறைவேறியது. கை தூக்கியவர்கள் மூவர். அதில் ஒருவர் இன்னொரு டீ கேட்பதற்காகத் தூக்கியவர்.

ஆசிரியர் ஜெயராமன்தான். வருவதையெல்லாம் வெட்டித் திருத்தி, முத்துமுத்தாக எழுதி, ஒரே பிரதியாகத் தைப்பார். அது வீடு வீடாகச் சுற்றி வரும்.

மறுமாதம், மைன்ஸில் கான்ட்ராக்டில் இருந்த தனகோட்டி ஏழு தாள்களோடு வந்தான். போன ஆடியில் அவன் மனைவி ஆதிலட்சுமி இறந்திருந்தாள்.

“அவ பேசுன மாரியே எழுதிக்கினு வந்திருக்கேங்க. ஒரு போட்டோகூட இல்ல. பொண்ணு பெரிசானா படிக்கட்டும்.”

“குடுத்துட்டுப் போ. சும்மா நறுக்குனு ஆக்கிடறேன்.”

ஆதிலட்சுமி எதைச் சொன்னாலும் ‘இன்னான்ற’ என்று முடிப்பவள். “சோறு போடட்டா, இன்னான்ற”, “மானம் கருக்குது, இன்னான்ற.” ஜெயராமன் எண்ணிக்கொண்டே அடித்தார். நாற்பத்து மூன்று. ஏழு தாள் ஒரு பக்கமானது. அன்று அவருக்கு நல்ல பசி எடுத்தது.

இதழ் தயாரானதும் தனகோட்டி வந்து, வாசலிலேயே நின்று படித்தான்.

“நல்லா இருக்குதுங்க. யாருங்க இந்தம்மா?”

“உன் சம்சாரம்தான்யா.”

“அவ இந்த மாரி பேசமாட்டாளுங்க.” இதழை மூடி நீட்டினான். “என் தாளுங்களக் குடுத்துடுங்க சார், போதும்.”

ஜெயராமன் உள்ளே குரல் கொடுத்தார். மனைவி தமயந்தி எட்டிப் பார்த்தாள்.

“கூடையில கசக்கிப் போட்டீங்களே, அதுவா? லெக்கோ கரி அடுப்பு மூட்ட எடுத்துக்கிட்டேன்.”

“ஏழையுமா?”

“அந்தக் கரி ஒரு தாளுக்குப் பத்துமா?”

“பரவாயில்லீங்க” என்றான் தனகோட்டி. ஷிப்டுக்கு நேரமாகிறதென்று நடந்தான்.

ஜெயராமன் பேனாவை எடுத்து உட்கார்ந்தார். இதழில் அந்தப் பக்கத்தின் முதல் வரியில் ஓர் ‘இன்னான்ற’ போட்டார். அது அங்கே இருந்ததாக நினைவில்லை, அடித்தார். சோற்றுக்குப் பின்னால் ஒன்று, மானத்துக்குப் பின்னால் ஒன்று. மற்ற நாற்பத்தொன்றும் எங்கெங்கே இருந்தன என்று ஆதிலட்சுமியைத்தான் கேட்க வேண்டும்.

வெட்டியதில் இதழில் காலியாக மிஞ்சிய பக்கங்களை நிரப்பக் கோலம் வரைந்திருந்தார்.