வாலுக்குள் ஒரு ஹேர்பின் (இருக்கலாம்)

1

இந்தக் கதை என் சொந்தக் கற்பனை இல்லை. அவிநாசியில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னது. பெயர் ரங்கராஜ். கோவைக்கு வெளியே ஒரு விமானப் பயிற்சிக் கழகத்தில் தலைமை இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ரசம் வருவதற்குள் முக்கால் கதையைச் சொல்லிவிட்டார். மோர் ஊற்றும்போது யாரோ வந்து, "ஏனுங்க, பொண்ணு மாப்பிள்ளையோட போட்டோ எடுக்கோணும், வாங்க" என்று அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதோடு சரி, ஆள் திரும்பவில்லை. மீதிக் கால் கதைக்காகத்தான் நான் இத்தனை பாடுபடுகிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "1995 மே மாத வெயிலில் ஓடுதளத்தின் மேல் கானல்..."

வேண்டாம். மே மாதம் வெயில் அடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

இரண்டாம் முயற்சி: "சிறு வயதிலிருந்தே வானத்தைப் பார்த்து ஏங்கிய சண்முகப்ரியா..."

[ஏங்கினாளா என்று ரங்கராஜ் சொல்லவில்லை. நானாக எப்படி ஏங்கவைப்பது?]

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். சண்முகப்ரியா விமானப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. கோடை விடுமுறையில் விமானம் பழுது பார்க்கும் பயிற்சிக்கு அவிநாசியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்தாள். அந்தக் கழகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் பெண் அவள்தான். நிர்வாகி குமாரசாமி தயங்கினார். ரங்கராஜ்தான் மல்லுக்கு நின்று சேர்த்தார். "இந்தப் புள்ளை சரியா வந்துட்டா வருசா வருசம் பொண்ணுகளை எடுக்கலாம். இல்லீன்னா இதோட நிறுத்திக்கலாமுங்க" என்று குமாரசாமி சொல்லியிருந்தார். அது அவள் காதுக்கும் போயிருந்தது.

3

விமானத்தை நிறுத்திப் பழுது பார்க்கும் கொட்டகைக்கு ஹேங்கர் என்று பெயர். அதன் வாசலில் ஒரு போர்டு: பேனா, சில்லறை, சீப்பு, மோதிரம், சாவி எதுவும் உள்ளே வரக்கூடாது. ஒரு சின்னச் சாமான் விமானத்துக்குள் விழுந்து, வால் இறக்கையை அசைக்கும் கம்பியில் சிக்கினால் போதும். ஓட்டுகிறவர் எவ்வளவு இழுத்தாலும் மூக்கு மேலே எழும்பாது. ஸ்பேனர் ஒன்று குறைந்தால்கூட அது கிடைக்கும்வரை விமானத்தை நகர்த்தமாட்டார்கள்.

போர்டு ஆண்களை மனதில் வைத்து எழுதியது. சண்முகப்ரியா தினமும் வளையலைக் கழற்றி வைத்தாள், செயினைக் கழற்றி வைத்தாள். தலையில் கனகாம்பரம்* மட்டும் இருந்தது, இரண்டு ஹேர்பின்னோடு. எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"ஏனுங்க சொல்லாம உட்டீங்க?" என்று பந்தியில் கேட்டேன்.

"பொம்பளப் புள்ளைகிட்டப் போயி பூவை எடுத்துப்போடுன்னு எப்படிங்க சொல்றது? கேக்கறதுக்கு நல்லாவாங்க இருக்கும்?"

[ஸ்பேனரை எண்ணி எண்ணி வைக்கிற மனிதர், பூவைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டிருக்கிறார். இப்படியொரு தப்பு எங்கள் பக்கத்தில்தான் நடக்கும்.]

* மல்லிகை என்று மாற்றினால் வாசம் வரும், எழுத்துக்கும் அழகு. அவர் சொன்னது கனகாம்பரம்தான்.

4

பயிற்சியின் கடைசி வாரம். ஒரு நாள் காலையில் சண்முகப்ரியா, இரண்டு பேர் உட்காரும் சிறு விமானம் ஒன்றின் வால் பகுதிக்குள் தலையை நுழைத்துக் கம்பிகளைச் சோதித்தாள். மூடியை மாட்டினார்கள். பறக்கலாம் என்று ரங்கராஜ் கையெழுத்துப் போட்டார். மதியம் திருமூர்த்தி என்ற மாணவர் முதல் தடவையாகத் தனியாக அதில் பறக்க வேண்டும். அதைப் பார்க்க அவருடைய அப்பாவும் அம்மாவும் பொள்ளாச்சியிலிருந்து பலகாரத் தூக்கோடு வந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

சாப்பாட்டுக்கு முன் முகம் கழுவப் போன சண்முகப்ரியா கண்ணாடியைப் பார்த்தாள். பூச்சரம் ஒரு பக்கமாகத் தொங்கியது. ஒரு பின்தான் இருந்தது.

இந்த இடத்தில் அவளை ஒரு முழுப் பக்கத்துக்குத் தயங்கவைத்தேன். "சொன்னால் இனி வருகிற பெண்களுக்கெல்லாம் கதவு சாத்தப்படுமே என்று நினைத்தவள், பஸ்ஸில்தான் விழுந்திருக்கும் என்று தன்னைத்தானே..." கிழித்துப் போட்டுவிட்டேன். இவ்வளவு நல்ல பெண்ணை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்ற பயத்தில் எழுதிய பக்கம் அது. ரங்கராஜ் சொன்னது வேறு. முகத்தில் சோப்பு நுரையோடு ஓடிவந்தாளாம்.

"சார், என்ற ஹேர்பின் ஒண்ணைக் காணோங்க. காலைல ரெண்டு குத்துனேன். வாலுக்குள்ள உழுந்திருக்குமோன்னு பயமா இருக்குதுங்க."

"பஸ்ஸுல உழுந்திருக்கும் அம்மணி," என்றார் குமாரசாமி. "அதுக்குப் போயி பிளேனைக் கழட்டறதா?"

"இருக்கலாமுங்க. ஆனா எனக்குத் தெரியாதுங்களே. தெரியாம அவரை எப்படிங்க மேல அனுப்பறது?"

எழுதுகிறவர் பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பார்கள். நான் ஒட்டிக்கொண்டுவிட்டேன். எனக்கு இந்தப் பெண்ணை அவ்வளவு பிடித்திருக்கிறது.

ரங்கராஜ் தான் போட்ட கையெழுத்தைத் தானே அடித்தார். "நான் மொதல்லயே சொல்லியிருக்கோணும் கண்ணு, என்ற தப்பு" என்றார். பறப்பு நின்றது. விமானத்தின் தரைத்தகடுகளைக் கழற்ற ஆரம்பித்தார்கள். சண்முகப்ரியா பூவை எடுத்து வைத்துவிட்டு, தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, டார்ச்சோடு மறுபடி வாலுக்குள் நுழைந்தாள்.

மோர் வந்தது இந்த இடத்தில்தான்.

5

முடிவு ஒன்று: பின் கிடைக்கிறது, கம்பி ஓடும் கப்பியின் ஓரத்தில். ஹேங்கரே கைதட்டுகிறது. [அவள் செய்தது சரி என்று ஒரு பின் வந்து சாட்சி சொல்ல வேண்டுமா?]

முடிவு இரண்டு: பின் அவிநாசி பஸ்ஸில், சீட்டுக்கு அடியில். அது தெரியாமல் இங்கே பொழுது பூராவும் தேடுகிறார்கள். குமாரசாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். அடுத்த வருடம் பெண்களுக்கு இடமில்லை. [எழுதக் கை வரவில்லை. நடந்திருக்கலாம்.]

முடிவு மூன்று: எங்கே தேடியும் கிடைக்கா...

நிறுத்திவிட்டேன். எந்த முடிவை எழுதினாலும் அவள் நுரை முகத்தோடு ஓடிவந்தது மாறப் போவதில்லை. அவள் வேலையை அவள் அப்போதே செய்துவிட்டாள். இனி இருப்பது பின்னின் கதை, அது எனக்குத் தெரியாது.

ஆகவே பின்னை உங்களிடம் விடுகிறேன். கப்பியில் வையுங்கள், பஸ்ஸில் வையுங்கள், உங்கள் இஷ்டம். வைத்த இடத்தை மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். நீங்கள் சொல்லும்வரை அவள் வாலுக்குள் தேடிக்கொண்டிருப்பாள். திருமூர்த்தியும் தரையில்தான் இருப்பார், வேப்பமரத்தடியில், அம்மா கொண்டுவந்த முறுக்கைக் கடித்துக்கொண்டு.