தலைமைக் குருவின் உடுப்பு

"என் வூட்டு பொட்டியில துணிய வெச்சிகினு, என்னையே நக்கல் பண்ணி சீன் எழுதிகீறியா உபதேசியாரே?"

"நக்கல் இல்ல அண்ணா. சரித்திரம்."

"இன்னா பொல்லாத சரித்திரம்? ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி எவனோ ரோமாபுரிக்காரன் துணிய பூட்டி வெச்சானாம். அத இப்ப இரும்புலியூர்ல சொல்லணும்னு யார் அழுதா?"

"நீங்கதான பிலாத்து? உங்களுக்கும் தெரிய வேணாமா?"

துளசிங்கம் கையிலிருந்த வசனத்தாளைச் சுருட்டிச் சரளை மண்ணில் எறிந்தார். சட்டை மேல் கிடந்த தங்கச் சங்கிலி மேலும் கீழும் ஏறி இறங்கியது. அந்தோனியார் கோயில் முன்னால் ஒத்திகைக்கு வந்திருந்த பன்னிரண்டு சீடர்களும், நான்கு ரோமைச் சிப்பாய்களும், கொள்ளைக்காரன் பரபாவும் வாயை மூடிக்கொண்டு இன்பமாக வேடிக்கை பார்த்தார்கள். 1989ஆம் வருஷத் தவக்காலத்தில் அந்தத் தெருவுக்குக் கிடைத்த முதல் நல்ல சாயங்காலம் அது.

சண்டைக்குக் காரணம் ஒரு தகரப் பெட்டி. முப்பது வருஷமாகப் பெரிய வெள்ளிக்கு அங்கே யேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கு நாடகம் போடுகிறார்கள். யேசு, சீடர்கள், யூத ஜனம் எல்லாம் கோயில் தெருக்காரர்கள். ஆளுநர் பிலாத்து மட்டும் துளசிங்கம் வீட்டுச் சொத்து. முன்னால் அவர் அப்பா, இப்போது அவர். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கோயிலும் அதைச் சுற்றிய முப்பத்திரண்டு வீடும் நிற்பது அவர்கள் நிலத்தில். காகிதம் கிடையாது, பெரியவர் வாய்வார்த்தையாகக் கொடுத்தது. நாடகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல ஆள் வேண்டுமென்றால், நாற்காலி வைத்திருந்த வீட்டைத்தானே கேட்க வேண்டும். கீற்று வீடுகள் ஒழுகும் என்று வேஷத்துணிப் பெட்டியும் அவர்கள் மாடியறைக்குப் போனது. குருத்து ஞாயிறுக்குச் சரியாக ஏழு நாள் முன்னால், கோயிலில் ஜெபம் சொல்லிவைக்கும் உபதேசியார் போய் நின்று கேட்டு வாங்கி வருவார். ஈஸ்டர் முடிந்த மறுநாள் திருப்பிக் கொடுப்பார். இது முறை.

உபதேசியார் யேசுதாசன் கெட்டுப்போனது படிப்பால். அவருக்கு வேலை, பாதிரியாருக்குப் படிக்கிறவர்கள் தங்கும் ஒரு குருமட நூலகத்தில் புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்குவது. தட்டுகிறவன் தட்டிவிட்டு வைக்கவேண்டும்; இவர் திறந்து பார்ப்பார். அப்படித்தான் ஒருநாள் தடித்த சரித்திரப் புத்தகம் ஒன்றில் யூதேயா நாட்டுச் சங்கதியைப் பிடித்தார். ரோமை ஆளுநன் இருப்பது கடலோரத்துப் பட்டணத்தில். திருவிழா என்றால் பட்டாளத்தோடு எருசலேமுக்கு வருவான், கூட்டம் கலாட்டா பண்ணாமல் பார்த்துக்கொள்ள. தலைமைக் குருவை நியமிப்பதும் தூக்குவதும் அவன் கையில். அந்தக் குரு திருவிழாவில் போட்டுக்கொள்ளும் புனித உடுப்பைக் கூட ரோமைக்காரன் கோட்டைக்குள் பூட்டி முத்திரை வைத்திருந்தான். திருவிழாவுக்கு ஏழு நாள் முன்னால் குருமார் போய் முத்திரையைச் சரிபார்த்து வாங்கிவர வேண்டும். விழா முடிந்த மறுநாள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அன்றைக்கு யேசுதாசன் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க மறந்துபோனார். பதினெட்டு வருஷமாகக் கயபா வேஷம் கட்டுகிறவர் அவர். தலைமைக் குரு கயபா. ஏழு நாள் கணக்கு கூட அப்படியே இருக்கிறதே! எழுதினார் ஒரு புதுக் காட்சி. கோட்டை வாசலில் கயபா கைகட்டி நிற்கிறான், தன் உடுப்பைத் தனக்குத் தரச்சொல்லிக் கேட்கிறான், பிலாத்து பல் குத்திக்கொண்டே யோசிக்கிறான்.

ஒத்திகையில் அதை வாசித்ததும், தலைமைச் சீடர் ராயப்பர் வேஷம் கட்டும் ரயில்வே கேங்மேன் சவுரிமுத்து உரக்கச் சிரித்தான். "உபதேசியாரே, இது நம்ம பொட்டி கதை இல்ல?"

அவன் சும்மா இருந்திருந்தால் துளசிங்கத்துக்கு விளங்கியே இருக்காது.

"சீன எட்த்துடு. இல்லாட்டி பொட்டி வராது," என்று சொல்லிவிட்டு அவர் அம்பாசிடரில் ஏறிப் போய்விட்டார். யேசுதாசனும் லேசுப்பட்டவர் இல்லை. "சீன் இல்லாட்டி நாடகமே வராது," என்றார். கார் போன பிறகுதான் சொன்னார், ஆனால் சொன்னார்.

மூன்று நாள் தெருவுக்கு வேறு பேச்சு இல்லை. யேசுதாசனின் மனைவி செல்லம்மா சோற்றைப் போட்டுவிட்டுத் தட்டை நகர்த்துகிற சத்தத்திலேயே கட்சி தெரிந்தது. "அந்தாளு நெலத்துல குந்திகினு அந்தாளையே சீண்டினா, நாளைக்கு வூட்ட காலி பண்ணுன்னா எங்கய்யா போறது? பிளாட் புரோக்கருங்க தெனம் வந்து அளந்துகினு போறானுங்க."

"சரித்திரத்த மாத்த முடியுமா செல்லம்மா?"

"சோத்த தின்னு."

மகள் வேதா தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். தாம்பரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கிற பெண், இருபத்திரண்டு வயது. வருஷா வருஷம் பெட்டித்துணிகளைத் தைத்துச் சீராக்குவது அவள் வேலை. துளசிங்கம் வீட்டு மாடியிலேயே உட்கார்ந்து தைப்பாள். முதல் வருஷம் இரண்டு நாளில் முடிந்த தையல், அடுத்த வருஷம் ஐந்து நாள் ஆனது. போன வருஷம் பெட்டி வாங்குகிற நாள் வரைக்கும் இழுத்தது. யூதர்கள் அவ்வளவு கிழித்துக்கொள்கிறவர்களா என்று தெரு அப்போதே கேட்டது. துளசிங்கத்தின் மகன் ஜெயவேலுவுக்கு அதே நாட்களில் மாடியில் ஏதாவது வேலை வந்துவிடும். கோவளம் பஸ்ஸில் இருவரையும் அடுத்தடுத்த சீட்டில் பார்த்ததாக ரத்தினபாய் வந்து சொன்னாள். யார் ஜன்னலோரம் என்பது வரைக்கும் சொன்னாள். தெருவுக்கே தெரிந்தது. ரோமை ஆளுநன் எந்தக் கோட்டையில் எந்தப் பெட்டியைப் பூட்டினான் என்று தெரிந்த யேசுதாசனுக்கு மட்டும் தெரியாது.

வியாழக்கிழமை மதியம் குருமட வாசலில் அம்பாசிடர் வந்து நின்றது. துளசிங்கம் இறங்கி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் யேசுதாசனைத் தேடி வந்தது அதுவே முதல் தடவை. ஜெயித்துவிட்டோம் என்று யேசுதாசன் நினைத்தார்.

"சீன் இருக்கட்டும் உபதேசியாரே. ஜோராதான் எழுதிகீற. பொட்டியும் எட்த்துக்கோ, திருப்பித் தர வேணாம்."

"ரொம்ப சந்தோஷம் அண்ணா."

"இரு. கோயில் எடம், முப்பத்திரண்டு வூடு, எல்லாம் அவங்கவங்க பேர்ல எழுதிக் குடுத்துர்றேன். ஈஸ்டர் முடிஞ்சதும் ரிஜிஸ்டர். எங்கப்பா வாயால சொன்னத நான் பேப்பர்ல செஞ்சிடறேன்."

யேசுதாசனுக்குக் கண் கலங்கிவிட்டது. கையைப் பிடிக்கப் போனார். துளசிங்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"உம் பொண்ணுக்கு சட்டுனு ஒரு எடம் பாரு. தூரமா பாரு."

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார், மாடி, தையல், கோவளம் பஸ் எல்லாம். பையன் கட்டினால் அவளைத்தான் என்று வீட்டில் நின்று சொல்லிவிட்டானாம்.

"பொண்ணு மேல எனக்கு கோவமில்ல. தங்கமான பொண்ணு, என் சம்சாரமே சொல்லுது. ஆனா என் பங்காளிங்க இருக்கறானுங்களே, வேற மதத்துப் பொண்ணுன்னா அவனுங்க வுடமாட்டானுங்க. நெலம் அவனுங்களுக்கும் கூட்டுதான்; பொண்ணு தூரம் போனா அவனுங்க கையெழுத்த நான் வாங்கிடுவேன். இது நடந்துச்சுன்னா மொதல்ல உங்க கோயிலுக்கு புல்டோசர் வரும். நான் தடுக்க முடியாது." கார்க் கதவைத் திறந்துகொண்டே சொன்னார்: "நான் ஒண்ணும் சொல்லல. முடிவு உன்னுது."

யேசுதாசன் உள்ளே போய், அன்று மாலை வரை ஒரே அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் வேதாவிடம் சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தார். முப்பத்திரண்டு வீட்டின் பெயரையும் வரிசையாகச் சொன்னார். கங்கையம்மாள் கிழவி, கை விளங்காத குப்பன், ஆறு பிள்ளைகளோடு சவுரிமுத்து. அவள் கேட்டுக்கொண்டே ரவிக்கைக்குக் கொக்கி வைத்தாள்.

"நீங்க போய் அவங்கப்பாகிட்ட பேசுனீங்களாப்பா?"

"அவரு பேசினாரு. நான் கேட்டேன்."

"எனக்காக ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அவர் மறுபடி கங்கையம்மாள் கிழவியிலிருந்து ஆரம்பித்தார்.

"ஏதோ சீன் எழுதியிருக்கீங்களாமே. அந்தக் குரு உடுப்பக் கேட்டு நிக்கறாராம். சவுரி மாமா நடிச்சுக் காட்டினாரு." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எனக்கு ஜெயவேல் வேணும்ப்பா. கேட்டு நின்னா குடுப்பீங்களா?"

செல்லம்மா அடுப்படியிலிருந்து வந்து, எதற்கு என்று தெரியாமல், மகளின் தலையில் அடித்தாள். அடித்த கையாலேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். யேசுதாசன் எழுந்து வெளியே போனார்.

பெரிய வெள்ளி நாடகத்துக்கு வண்டலூரிலிருந்து கூட ஜனம் வந்திருந்தது. புதுக் காட்சிக்கு விழுந்த கைதட்டலைப் பற்றிச் சவுரிமுத்து இன்றைக்கும் பேசுவான். துளசிங்கம் பல் குத்திக்கொண்டே யோசித்தது அத்தனை தத்ரூபம். யேசுதாசன்தான் சொதப்பினார். ஊர் மொத்தமும் அழிவதை விட ஒருத்தன் போவது மேல் என்று கயபா ஆலோசனை சொல்கிற இடம் இருக்கிறதே, பதினெட்டு வருஷமாகத் தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லும் வசனம், அன்றைக்கு அவர் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. பின்வரிசையிலிருந்து "சவுண்டு... சவுண்டு..." என்று கத்தினார்கள். மைக்கைச் சரிசெய்ய ஆள் ஓடினான். மைக் நன்றாகத்தான் இருந்தது.

துளசிங்கம் சொன்ன சொல் தவறவில்லை. ஈஸ்டர் முடிந்த பத்தாம் நாள் முப்பத்திரண்டு வீட்டுக்கும் கோயிலுக்கும் பத்திரம் பதிவானது. தெருவில் லட்டு கொடுத்தார்கள். அதே வாரம் பிலாய் இரும்பாலையில் வெல்டராக இருக்கும் பெலவேந்திரன் என்ற மாப்பிள்ளைக்கு வேதாவை நிச்சயம் செய்தார்கள். பெண் பார்க்க வந்தபோது அவன், கண் ஏன் சிவந்திருக்கிறது என்று மட்டும் கேட்டானாம். வெயில் என்றார்களாம்.

கிறிஸ்தவக் கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள் என்று கோயிலில் எல்லார் முன்னாலும் கேட்பது வழக்கம். இரும்புலியூரில் அதை வாசிப்பது உபதேசியார் வேலை. வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள் என்று செல்லம்மா கெஞ்சினாள். அவர் கேட்கவில்லை. தனக்கு அவ்வளவாவது வலிக்கவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

முதல் ஞாயிறு வாசித்தார். யாரும் பேசவில்லை. இரண்டாம் ஞாயிறும் அப்படியே. மூன்றாம் ஞாயிறு ஜெயவேலு வந்து கோயில் வாசலுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். சவரம் செய்து ஒரு வாரம் இருக்கும். உள்ளே எல்லோருக்கும் தெரியும், திரும்பிப் பார்க்கத்தான் யாருக்கும் கழுத்து வரவில்லை. யேசுதாசனுக்கு மட்டும் வாசல் நேரெதிரே இருந்தது.

"...தடை ஏதேனும் அறிந்தவர்கள்..." என்று வாசித்து நிறுத்தினார். வழக்கமாக ஒரு மூச்சு நிறுத்துவார். அன்றைக்கு நிறுத்தியது நிறுத்தியதாகவே நின்றார். மின்விசிறி சுற்றியது. ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. யாராவது ஒருத்தர், ரத்தினபாயாவது, சவுரிமுத்தாவது வாயைத் திறக்கமாட்டார்களா என்று அவர் முகம் ஒவ்வொரு வரிசையாகப் போனது. எவன் வீட்டில் என்ன குழம்பு என்று வாசலிலேயே சொல்லிவிடுகிற தெரு அது. எல்லோர் மடியிலும் புதுப் பத்திரம் இருந்தது. ஒருத்தரும் இருமக்கூட இல்லை.

பெண்கள் பக்கம் முதல் வரிசையில் முக்காட்டோடு உட்கார்ந்திருந்த வேதா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். "வாசிச்சு முடிங்கப்பா," என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனாலும் கோயில் முழுக்கக் கேட்டது.

அவர் வாசித்து முடித்தார். வாசலில் ஜெயவேலு செருப்பை மாட்டாமலே போய்விட்டான்.

மே மாதம் வேதாவுக்கும் பெலவேந்திரனுக்கும் கல்யாணம் நடந்தது. அன்று மாலையே பிலாய்க்கு ரயில் ஏறினார்கள். ஆவணியில் ஜெயவேலுவுக்குப் பொழிச்சலூர் தனக்கோடி மகள் ஜெயக்கொடியைக் கட்டிவைத்தார்கள். பொழிச்சலூர் ஏரோட்ரோமுக்குப் பக்கம்; விமானம் தலைக்கு மேலே போய்க்கொண்டே இருந்ததில் தாலி கட்டும்போது மேளச் சத்தமே யாருக்கும் கேட்கவில்லை. மாப்பிள்ளை அதற்காகவாவது வானத்தை நிமிர்ந்து பார்த்தான் என்றார்கள். துளசிங்கம் மிச்ச நிலத்தில் தன் பங்கை பிளாட் போட்டு விற்றுவிட்டு அடையாறுக்குக் குடிபோனார். சவுரிமுத்து தன் வீட்டை மூன்றே வருஷத்தில் நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டு ஊரப்பாக்கம் போய்விட்டான். அவனைப் பார்த்து இன்னும் ஒன்பது வீடு கைமாறியது.

யேசுதாசன் உபதேசியார் பதவியை விட்டார், நூலக வேலையை விட்டார். செல்லம்மாவைக் கூட்டிக்கொண்டு கோவளத்தில் மச்சான் வீட்டுப் பக்கம் போய்விட்டார். பிலாயிலிருந்து மாதம் ஒரு இன்லண்ட் லெட்டர் அங்கே வருகிறது. மேலே செல்லம்மா பெயர் மட்டும்தான் இருக்கும். செல்லம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அவர்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துக் காட்ட வேண்டும். குழந்தைக்குப் பல் முளைத்தது, அங்கே குளிர் அதிகம், அம்மா உடம்பைப் பார்த்துக்கொள், எல்லாம் இருக்கும். அவரைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. ஒரு முறையாவது தானாகச் சேர்த்துப் படித்துவிடலாமே என்று மச்சான் கேட்டதற்கு, எழுதாததை எப்படிப் படிப்பது என்றாராம்.