பற்ற வைத்ததும் விலகி நிற்கவும்

இந்தக் காலத்து ஆட்களுக்கு வாய் எதற்கு இருக்கிறது என்றே தெரியவில்லை. வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் தலையில் கை வைத்து "நல்லா இரு" என்றால் முடிந்தது. அதற்கு ஓர் அட்டை வேண்டுமாம். அட்டையில் ஒரு ஜோக்கு வேண்டுமாம். சிரிப்பைக்கூட அச்சடித்துத்தான் வாங்குகிறார்கள்.

நான் மாணிக்கராஜ். சிவகாசி அச்சாபீஸ் ஒன்றில் முப்பத்தெட்டு வருஷமாக கட்டிங் மிஷின் ஓட்டுகிறேன். படிப்பு நாலாவதோடு சரி. காலண்டர், டைரி, பட்டாசு லேபிள் என்று நான் வெட்டாத தாள் கிடையாது. ஒன்றைப் பார்த்தும் சிரித்தது கிடையாது.

போன திங்கட்கிழமை முதலாளி ஹரிபிரசாத் என் மிஷின் பக்கம் வந்தார். சின்ன வயசுதான். நான் அவர் அப்பா காலத்து ஆள் என்பதால் என்னை அண்ணாச்சி என்பார்.

"அண்ணாச்சி, ஒங்க பேத்தி ஜெமிமாவுக்கு என்ன வயசு?"

"வார ஞாயித்துக்கெழம பதினஞ்சு. எதுக்குக் கேக்கீக?"

சென்னைக் கம்பெனி ஒன்று பிறந்தநாள் அட்டைக்கு ஆர்டர் தருகிறதாம். பதிமூன்றிலிருந்து பத்தொன்பது வயசு வரைக்கும். பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரவேண்டும். வீட்டுப் பெரியவர்கள் முன்னால் படிக்கக் கூடியதாகவும் இருக்கவேண்டும். சனிக்கிழமைக்குள் அஞ்சு மாதிரி அனுப்ப வேண்டும்.

"தினமும் கார்டை வீட்டுக்குக் கொண்டு போங்க. பேத்தி சிரிக்கணும், நீங்க மொகஞ் சுளிக்கக் கூடாது. ரெண்டும் தேறுனாத்தான் அனுப்புவேன்."

"பிள்ளை சரி. நான் எதுக்கு?"

"ஒங்கள மாதிரி மொகஞ் சுளிக்க சிவகாசியில ஆளு இல்ல அண்ணாச்சி."

அட்டையைக் கம்ப்யூட்டரில் செய்கிறவள் ரோஷினி. என் ஊர்தான், ஆனைக்குட்டம். வேலைக்கு வந்து ரெண்டு மாசம். அஞ்சும் தேறினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் மதுரையில் வேறு ஆள் பார்ப்பேன் என்று முதலாளி அவளிடமே சொல்லிவிட்டார். எனக்கு அவள்மேல் நம்பிக்கை இல்லை. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தன்னால் தலையாட்டுகிற பெண்ணை எப்படி நம்புவது?

செவ்வாய்க்கிழமை பதினெட்டு ஜோக்கு கொடுத்தாள். ஜெமிமா மூன்றுக்குச் சிரித்தாள். ஒன்றில் பையன் வாத்தியாரை ஏமாற்றுகிறான். ஒன்றில் காதல் கடிதம். ஒன்றில் பெற்ற அப்பனின் தொப்பையைக் கேலி செய்கிறார்கள். மூன்றையும் கிழித்தேன். நான் சரியென்று எடுத்து வைத்ததைப் பார்த்து அவள் கொட்டாவி விட்டாள்.

"தாத்தா, இதெல்லாம் எங்க ஹெச்.எம். பிரேயர்ல சொல்ற ஜோக்கு. அவர் மட்டும்தான் சிரிப்பாரு."

புதனும் அப்படியே, வியாழனும் அப்படியே. ரோஷினி காதிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டாள். தலையும் ஆடவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசிக் கட்டு. அதை ஒரு வேஸ்ட் தாளில் சுற்றி எடுத்துப் போனேன். மிஷினில் கலர் சரியாக விழுகிறதா என்று பார்க்க, பழைய தாளையே திரும்பத் திரும்ப ஓட்டுவோம். ஒரு வேலையின் மேல் இன்னொரு வேலை விழுந்து கிடக்கும். அன்றைக்கு அட்டைக்கான கேக் படத்தை அப்படி ஓட்டிப் பார்த்த தாள் அது.

ஜெமிமா கட்டைப் பிரித்தாள். அட்டைகளைத் தள்ளிவிட்டு, சுற்றிய தாளைப் பார்த்தாள். பார்த்தவள் சிரித்த சிரிப்பில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுப்படியிலிருந்து என் மருமகள் ஓடி வந்தாள். அவள் பள்ளிக்கூட டீச்சர், லேசில் சிரிக்க மாட்டாள். அவளும் சிரித்தாள்.

வாங்கிப் பார்த்தேன். மெழுகுவத்தி எரிகிற கேக். அதன் மேலேயே ஏற்கெனவே விழுந்திருந்த பட்டாசுப் பெட்டி எழுத்து: 'பற்ற வைத்ததும் விலகி நிற்கவும். வெடிக்காவிட்டால் அருகில் செல்ல வேண்டாம்.'

"இது அப்படியே எங்க கிளாஸ் ஐஸ்வர்யா, தாத்தா! காலையில அவ கிட்ட யாராச்சும் போக முடியுமா?"

"ஏன், நீ மட்டும் என்னவாம்? ஒன்னய எழுப்புறதுக்குள்ள எனக்கு உசுரு போகுது" என்றாள் மருமகள்.

நான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காதல் இல்லை, குடி இல்லை, பெரியவர்களைப் பழிக்கவும் இல்லை. சுளிப்பதற்கு ஒன்றும் அகப்படவில்லை. சிரிப்பதற்கும் அகப்படவில்லை. வெடிக்காத வெடியின் பக்கத்தில் போன கருத்தப்பாண்டி எங்கள் தெருவில்தான் இருக்கிறான். இன்றைக்கும் இடது கையால்தான் சாப்பிடுகிறான்.

மறுநாள் காலையில் பஸ்ஸுக்கு நின்றேன். ரோஷினியின் அம்மா பாலம்மாள் தூக்குச்சட்டியோடு அங்கே நின்றாள். ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு ஆலைக்கு வேனில் போகிறவள்.

"அண்ணே, எம் பிள்ளைக்கு அங்கன வேலை நெலைக்குமா? திங்கக்கெழமையிலருந்து அவளுக்கும் வேன்ல ஒரு எடம் கேட்டு வச்சிருக்கேன். வேணுமா வேண்டாமான்னு சாயங்காலம் சொல்லணும்."

"எனக்கு என்ன தெரியும்? நான் தாள் வெட்டுறவன்" என்றேன். வேன் வந்தது. ஏறிப் போனாள்.

அச்சாபீஸில் ரோஷினியின் மேஜையில் அந்தத் தாளைப் போட்டேன்.

"பேத்தி இதுக்குச் சிரிச்சா. ஏன்னு என்னயக் கேக்காத."

படித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "தாத்தா, லேபிள்ல இன்னும் என்னெல்லாம் போடுவாங்க?"

வெட்டி வெட்டி எனக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாகச் சொன்னேன். மத்தியானத்துக்குள் அஞ்சு அட்டை செய்துவிட்டாள். கேக்குக்கு அந்த முதல் வரி. போர்வைக்குள் கிடக்கிறவனுக்கு, 'வெடிக்காவிட்டால் அருகில் செல்ல வேண்டாம்.' குளிக்க மாட்டேன் என்று வாளியைப் பார்த்து ஓடுகிறவனுக்கு, 'ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளவும்.' செல்போனோடு இருக்கிறவளுக்கு, 'பெரியவர்கள் முன்னிலையில் மட்டும்.' சண்டை போடுகிற அக்காவுக்கும் தம்பிக்கும், 'ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கொளுத்தவும்.'

முதலாளி சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி மொகஞ் சுளிக்கலையே?"

"சுளிக்க என்ன இருக்கு? அம்புட்டும் நெசந்தான?"

"சிரிப்பும் வரலையா?"

"பட்டாசுப் பெட்டியப் படிச்சுச் சிரிக்க நான் என்ன கிறுக்கனா?"

அதற்கு எல்லாரும் முன்னைவிட அதிகமாகச் சிரித்தார்கள். அட்டைகள் செல்போனிலேயே சென்னைக்குப் போயின. சாயங்காலம் பதில் வந்தது. அஞ்சும் சரி, இன்னும் பத்து வேண்டும். ரோஷினி மூலையில் நின்று போனில் பேசினாள். "யம்மா, வேன்ல எனக்கு எடம் வேண்டாம்னு சொல்லிரு." போனை வைத்துவிட்டு ஒயரை எடுத்துக் காதில் மாட்டினாள்.

நான் மிஷினை அணைத்துவிட்டுக் கிளம்பினேன். ரோஷினி கேக் அட்டை ஒன்றைக் கையில் கொடுத்தாள், ஜெமிமாவுக்கு. வேண்டாம் என்று சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் டீக்கடை வெளிச்சத்தில் அதை எடுத்து இன்னொரு தடவை படித்தேன். பற்ற வைத்ததும் விலகி நிற்கவும். நல்ல புத்திமதி. எழுதினவன் விவரமானவன். இதில் சிரிப்பு எங்கே இருக்கிறது?

டீக்கடைக்காரரிடம் காட்டினேன். அவரும் சிரித்தார். இவர்களுக்கெல்லாம் என்னவோ ஆகிவிட்டது. அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.