மஹ்ரூஸின் தாய் பெயர்

அந்த வெள்ளிக்கிழமை முற்பகலில் கலஃப் ஜாபிர் வீட்டு விருந்தினர் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். வீட்டுக்காரரான ஹாஜி கலஃப். அவருடைய மூத்த மகன் மஹ்ரூஸ், இளைய மகன் நாஸிஃப். ஊர்த்தலைவரான உம்தா தாஹி. காவல் நிலையத்து ஏட்டு பகீத். ஆறாவது ஆள், கெய்ரோவில் போலீஸ் அகாடமியை முடித்து, தோளில் ஒற்றை நட்சத்திரத்தோடு இந்தப் பக்கம் வந்து ஒன்பதே நாளான லெப்டினன்ட் ஹாஸிம். வேறு யாரும் இல்லை. தாமும் அங்கே இருந்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்டவர்கள் யாரும் அங்கே இருக்கவில்லை.

ஹாஸிமின் கையில் ஒரு பிடியாணை இருந்தது. மஹ்ரூஸ் கலஃப் ஜாபிர், கள்ளத்துப்பாக்கி வழக்கு, மூன்றாண்டுத் தண்டனை, தலைமறைவு. உம்தா அதை எட்டிப் பார்த்துவிட்டுத் தாடியைச் சொறிந்தார். போலீஸ் அதிகாரியை அங்கே 'பாஷா' என்றுதான் அழைப்பார்கள்.

"பாஷா, இதே பேர்ல கால்வாய்க்கு அக்கரையிலயும் ஒருத்தன் இருந்தான். அப்பன் பேரு, தாத்தா பேரு எல்லாம் ஒண்ணுதான். வயசும் ஒண்ணுதான். அவன் ஊரை விட்டு ஓடி வருஷமாச்சு."

இதற்கு அகாடமியில் ஒரு பாடமே இருந்தது. பெயர்கள் ஒத்துப்போனால் தாயின் பெயரைக் கேட்டு, பிடியாணையில் உள்ள தாய் பெயரோடு சரிபார்க்க வேண்டும். தேர்வில் ஹாஸிம் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன். குறிப்பேட்டைத் திறந்து, நிமிர்ந்து நின்று, தெளிவான குரலில் கேட்டான்.

"மஹ்ரூஸ், உங்க அம்மா பேர் என்ன?"

ஏட்டு பகீத் இருமினார். இரண்டு விநாடி முன்னால் இருமியிருக்க வேண்டும்.

வகுப்பில் இந்தக் கேள்வி வந்தபோது பையன்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். இங்கே யாரும் சிரிக்கவில்லை. நாஸிஃப் மூலையில் சாத்தியிருந்த கம்பை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"உக்காருடா," என்றார் ஹாஜி. பிறகு ஹாஸிமின் பக்கம் திரும்பினார். "என்ன கேட்டே?"

காது மந்தம் போலும் என்று எண்ணி, ஹாஸிம் இன்னும் சத்தமாகக் கேட்டான். ஒருமுறை கேட்டது வாய் தவறியதாகப் போயிருக்கும். இரண்டாம் முறை கேட்டது அவமதிப்பாகிவிட்டது.

"உனக்கு என்ன வயசு?"

"இருபத்திரண்டு."

"நாப்பத்தி நாலு வருஷமா அவ இந்த வீட்ல இருக்கா. ஆம்பளைங்க உக்காந்திருக்கிற இடத்துல அவ பேரு என் வாயில வந்ததில்ல. உன் ஒத்தை நட்சத்திரத்துக்காக இன்னிக்கு வரணுமா?"

"இது சட்டம் ஹாஜி. பேரைச் சொன்னா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும். இல்லேன்னா இவரை விலங்கு போட்டுத்தான் கூட்டிட்டுப் போகணும்."

மஹ்ரூஸ் இரண்டு கைகளையும் நீட்டினான். "போடு. மூணு வருஷமோ முப்பது வருஷமோ. எங்க அம்மா பேரு இந்தக் கூடத்துல வராது."

"பிறப்புச் சான்றிதழ் இருக்கா?"

"பெட்டியில இருந்தது. கரையான் தின்னுடுச்சு."

வெள்ளியும் சனியும் வார விடுமுறை; பதிவு அலுவலகம் ஞாயிறு வரை திறக்காது. ஹாஸிம் உம்தாவைப் பார்த்தான். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"அடுத்தவன் பொண்டாட்டி பேரு எனக்கு எதுக்குப் பாஷா?" உம்தா தள்ளி உட்கார்ந்துகொண்டார். "நான் உயிரோட வீட்டுக்குப் போக வேணாமா?"

இந்த ஆள் குற்றவாளியில்லை என்று ஹாஸிமுக்கு ஏறக்குறைய உறுதியாகத் தெரிந்தது. தந்தையின் கூடத்திலிருந்து விலங்கோடு ஒருவனை இறக்கினால் அந்த வீடு மூன்று தலைமுறைக்குத் தலைநிமிராது என்பதும் புரிந்தது. விட்டுவிட்டு வெறுங்கையோடு போனால் முதல் வேலையே கோணல். என்ன செய்வதென்று தெரியாமல், நல்லதென்று எண்ணி ஒன்று செய்தான். தன் தாயின் பெயரைச் சொன்னான். அந்தப் பெயர் இங்கே தேவையில்லை.

"பாத்தீங்களா, நான் சொல்லிட்டேன். இதுல என்ன இருக்கு?"

நாஸிஃப் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். "யப்பா! சந்தையில முலாம்பழம் கூவற மாதிரி கூவிட்டானே!"

ஹாஜி சிரிக்கவில்லை. "இப்போ நாங்க அஞ்சு பேரும் உங்க அம்மா பேரைத் தெரிஞ்சுக்கிட்டோம். பெத்தவ முகத்துல இனிமே எப்படிப்பா முழிப்பே? அகாடமியில அதையும் சொல்லிக் குடுத்தாங்களா?"

ஹாஸிமின் காதுமடல்கள் எரிந்தன. இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தான். மஹ்ரூஸின் மணிக்கட்டு வரை கொண்டுபோனான். அங்கே அவன் கை நின்றது. விலங்கைக் கீழே வைத்துவிட்டு, குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தான். பேனாவோடு அதை ஹாஜியின் முன் வைத்தான்.

"எழுதுங்க. நான் ஒருத்தன்தான் பாப்பேன். பாத்ததும் உங்க கையிலயே குடுத்திடறேன். மத்தவங்க எல்லாரும் சுவத்தைப் பாத்துத் திரும்புங்க. ஏட்டய்யா, நீங்களும்."

ஹாஜி பேனாவைத் தொடவில்லை. "நான் எழுதறது நெசம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

கிழவர் அவனை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கனிவு ஏதும் இல்லை. பிறகு பட்டாளத்தில் கற்ற எழுத்தில், ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி எழுதினார். நான்கு ஆண்கள் பள்ளிப் பிள்ளைகள் போலச் சுவரைப் பார்த்து நின்றார்கள். ஹாஸிம் தாளையும் பிடியாணையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். வேறு பெயர்.

"ஆள் இவர் இல்லை," என்றான்.

ஹாஜி தாளை வாங்கி நான்காக மடித்தார். ஹாஸிமுக்காக ஊற்றி வைத்திருந்த தேநீர்க் கோப்பைக்குள் அதை அமிழ்த்தினார். மை கரைந்து பரவியது.

"உனக்கு ஊத்தின டீ இது. நீ இனிமே இந்த வீட்ல குடிக்க எதுவும் இல்ல. போகலாம்."

வண்டி ஊர் எல்லையைத் தாண்டியது. ஏட்டு பகீத் சொன்னார். "எந்தப் பேரை வேணா எழுதியிருக்கலாமே பாஷா. பெரிய அதிகாரி கேட்டா என்ன சொல்வீங்க?"

"ஆள் வேறன்னு சொல்வேன்."

அப்படியே அறிக்கையும் எழுதி, தன் முழுப் பெயரையும் கீழே போட்டான். அத்தாட்சி எங்கே என்று பெரிய அதிகாரி கேட்டார். இவனிடம் இல்லை. கிழவன் உன்னைத் தேநீரோடு கரைத்துக் குடித்துவிட்டான் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லி, அவனைப் பாலைவனச் சாலைச் சோதனைச் சாவடிக்கு அனுப்பினார். ஹாஸிம் விறைப்பாக வணக்கம் வைத்துவிட்டுப் போனான்.

ஹாஜி கலஃப் அன்று பொய்ப்பெயரை எழுதிக்கொடுத்து மகனைக் காப்பாற்றினார் என்று கால்வாய்க்கு அக்கரையில் இன்றும் பேசுகிறார்கள். அவர் எழுதியது அவருடைய மனைவியின் பெயர்தான்.