முக்காலியைக் காரில் விட்டவன்

பள்ளிக்கூட அலுவலகத்தில் எனக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் நல்ல பெயர். பரீட்சை வந்தால் யார் எங்கே உட்கார வேண்டும் என்று படம் போடுவது நான்தான். ஒருவர் எழுதுவது இன்னொருவர் கண்ணில் படாது. இப்படி, யாரும் எதையும் பார்க்க முடியாதபடி உட்கார வைத்தே இருபது வருடம் சம்பளம் வாங்கியவனுக்கு, மோட்டார் சைக்கிள் பந்தயத்தை எங்கே நின்று பார்த்தால் நன்றாகத் தெரியும் என்று ஊருக்கே ஆலோசனை சொல்லும் தைரியம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி கேட்டுவிட்டாள்.

எங்கள் ஊர்ப் பந்தயம் மைதானத்தில் நடப்பதில்லை. தினமும் பஸ் போகிற சாலையைத்தான் வருடத்துக்கு ஒரு நாள் மூடிவிட்டு அதில் வண்டி விடுவார்கள். கடைத்தெரு, குன்று, பாலம், திரும்பவும் கடைத்தெரு. இப்படி ஆறு சுற்று. சாலையை மூடுவதற்கென்று ஒரு கார் வரும். அதன் கூரையில் சிவப்பு விளக்கு சுழலும். அது கடந்து போனபின், பந்தயம் முடிந்து பச்சை விளக்குக் கார் வரும்வரை ஒருவரும் சாலையில் கால் வைக்கக் கூடாது. இந்தப் பக்கம் நின்றவர் இந்தப் பக்கம்தான். புருஷன் அந்தப் பக்கம், சாப்பாட்டுக் கூடை இந்தப் பக்கம் என்று பிரிந்துபோன குடும்பங்களைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். சிரித்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு வருடமாக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். முதல் வருடம் நேர்ச்சாலை ஓரத்தில் நின்றேன், அங்கேதான் வேகம் அதிகம் என்று. தலையைத் திருப்புவதற்குள் எல்லாரும் போய்விட்டார்கள். அன்று நான் நன்றாகப் பார்த்தது எதிர்ப்பக்கத்து வேலியை. அடுத்த வருடம் மர நிழலாகத் தேடிப் பாய் விரித்தேன். பதினோரு மணிக்கு நிழல் எழுந்துபோய்ப் பக்கத்துக் குடும்பத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. அதற்கும் அடுத்த வருடம் எல்லாம் அமைந்தது, கழிப்பறையைத் தவிர. அது சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதைப் பற்றி நோட்டில் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறேன், கையெழுத்தும் சரியில்லை.

அடிபட்டு அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வண்டி பறக்கிற இடத்தில் நிற்காதே, பிரேக் பிடிக்கிற இடத்தில் நில். வளைவுக்கு வெளிப்பக்கம் நிற்கவே நிற்காதே. தவறினால் வண்டி அங்கேதான் வரும். உள்பக்கம் நில், முன்னால் ஒரு சுவர் இருக்கட்டும்.

ஆனால் இத்தனை வருடமும் என்னோடு வராத ஒரே ஆள் என் மனைவி. அவளுக்குப் பந்தயம் பிடிக்காது என்பதில்லை. பந்தயத்தில் வண்டி ஓட்டுகிறவள் அவளுடைய தங்கை.

என் மச்சினி வாரநாளில் லிஃப்ட் பழுது பார்க்கிறவள். ஆள் ஒல்லி, வாய் பெரிசு. நாலு வருடத்துக்கு முன் பாலத்துக்குப் பக்கத்தில் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனை எடுத்தவள் என் மனைவி. அன்றிலிருந்து பந்தயம் என்ற சொல்லே வீட்டில் கிடையாது. பந்தயத்தன்று அவள் வீட்டிலுள்ள அத்தனை திரைச்சீலைகளையும் துவைப்பாள். அவை சுத்தமாக இருந்தாலும் துவைப்பாள். தங்கை எத்தனையாவதாக வந்தாள் என்று கேட்க மாட்டாள். முழுசாக வந்தாளா என்று மட்டும் என்னைக் கேட்பாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் தபால்காரன் நான்.

இந்த வருடம் மச்சினி நேரே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அக்கா, நான் ஓட்டுறதை நிறுத்தப் போறதில்ல. நீயும் பயப்படறதை நிறுத்தப் போறதில்ல. ஒரே ஒரு தடவை வந்து பாரு. பார்த்துட்டுத் திட்டு."

"நான் எதுக்குடி பார்க்கணும்? மாமாதான் பார்க்கிறாரே."

"மாமா பார்த்து என்ன ஆகப் போகுது? கொண்டை ஊசி வளைவுல வண்டி ரொம்ப மெதுவாத்தான் திரும்பும். ஓரத்துல நிக்கிற முகமெல்லாம் எனக்குத் தெரியும். நீ கண்ணை மூடியிருந்தா கண்டுபிடிச்சிருவேன்."

மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அவள் தடுப்பூசி போடுகிற நர்ஸ். ஒரு நாளைக்கு நாற்பது குழந்தைகளிடம், "கண்ணை மூடிக்கோ கண்ணு, ஒண்ணுமே தெரியாது" என்று சொல்கிறவள். அந்த வைத்தியத்தில் அவளுக்கு இருந்த நம்பிக்கை அப்படிப்பட்டது.

இரண்டு நாள் கழித்து, சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே சொன்னாள். "ஏங்க, நீங்கதான் இடம் பார்க்கிறதுல பெரிய ஆளாச்சே. எனக்கு ஒரு இடம் பாருங்க. சுவர் இருக்கணும். கெட்டியா இருக்கணும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலு ஞாயிற்றுக்கிழமை அந்த வளைவில் போய் உட்கார்ந்தேன். காலையில் வெயில் எங்கே, பத்து மணிக்கு எங்கே என்று குறித்தேன். நாய் மருத்துவமனை ஒன்றின் கல்சுவர் வளைவின் உள்பக்கம் இருந்தது. ஒரு முழம் கனம். என் கழுத்தளவு உயரம். பின்னால் வேப்பமர நிழல், நகராத நிழல். கழிப்பறைக்கு இருபத்தாறு அடி, நடந்தே எண்ணினேன். மருத்துவரிடம் அனுமதி வாங்கப் போனபோது, "என்ன வளர்க்கிறீங்க?" என்று கேட்டார். நம்பிக்கை வளர்க்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பந்தய நாள் காலை அவளை அழைத்துப்போய் அந்தச் சுவர் முன்னால் நிறுத்தினேன். கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு பெருமையாக நின்றதில்லை.

"எப்படி?"

அவள் சுவரைப் பார்த்தாள். சுவரை மட்டும்தான் பார்த்தாள்.

"நல்ல கல்லு" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கழுத்து இருக்கிற இடத்தில்தான் அவளுடைய நெற்றி இருக்கிறது.

"நாலு வாரமா இடம் பார்த்தீங்க. வெயிலை அளந்தீங்க, நிழலை அளந்தீங்க, கக்கூஸுக்கு எத்தனை அடின்னு அளந்தீங்க. இருபத்திரண்டு வருஷமா பக்கத்துல நிக்கிறேன், என்னை ஒரு தடவை அளந்து பார்த்திருக்கக் கூடாதா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அவள் குரலில் நிம்மதி இருந்தது. தெரியவில்லை என்றால் பார்க்க வேண்டியதில்லை அல்லவா? தங்கையிடமும் சொல்லிக்கொள்ளலாம், வந்தேன், உன் மாமா வைத்த இடம் அப்படி என்று.

"கார்ல முக்காலி இருக்கு" என்றேன். "இதோ வந்துட்டேன்."

"ஓடாதீங்க, விழுந்து கிழுந்து வைப்பீங்க."

சாலைக்கு மறுபக்கம், வளைவு தொடங்குவதற்கு முன்னால், ஒரு டயர் கடை. அதன் பின்னால்தான் காரை விட்டிருந்தேன். முக்காலி டிக்கியின் அடியில் கிடந்தது, அதன் மேல் குடை, அதன் மேல் பழைய பேப்பர். எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டு முக்காலியோடு ஓடி வந்தபோது, சிவப்பு விளக்குக் கார் என் மூக்குக்கு நேராகக் கடந்து போனது.

விசில் சத்தம் கேட்டது. எதிர்ப்பக்கம் சாலைக் காவலுக்குக் கொடிக்காரர் நின்றார். ஆரஞ்சுக் கோட்டு போட்டிருந்தார். வாரநாளில் எனக்கு முடி வெட்டுகிறவர் அவர்தான்.

"அண்ணே, ஒரே நிமிஷம்! இதைக் கொடுத்துட்டு வந்துடறேன்!"

"சார், உங்க தலையை எனக்கு நல்லாத் தெரியும். ஆனா இன்னிக்கு யார் தலையா இருந்தாலும் அந்தப் பக்கம்தான். டயர் கடை கேட்டுக்குப் பின்னால போங்க!"

"அப்ப தூக்கிப் போடறேன், பிடிச்சுக்கிறீங்களா?"

"சார், பந்தய ரோட்டுல முக்காலி எறிஞ்சா என் கொடியைப் பிடுங்கிடுவாங்க!"

சுவருக்குப் பின்னால் அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மனைவியின் தலை வகிடு மட்டும் தெரிந்தது. அதுகூடக் குலுங்கிய மாதிரி இருந்தது.

டயர் கடை கேட் இரும்புத் தகடு. தலைக்கு மேல் உயரம். கீல் பக்கத்தில் ஒரு கை அகலத்துக்கு இடைவெளி. அதில் கண்ணை வைத்தேன். சாலை ஒரு துண்டு தெரிந்தது. அதற்கு மேல், படத்துக்குச் சட்டம் போட்டது போல், நாய் மருத்துவமனைச் சுவரும் அந்த வகிடும் தெரிந்தன. எட்டு வருடத்தில் இவ்வளவு மோசமான இடத்தில் நான் நின்றதில்லை.

முதல் சுற்று. சத்தம் வயிற்றுக்குள் வந்தது. இடைவெளியில் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று கோடு கோடாகப் போயின. மச்சினியின் பச்சை ஹெல்மெட் போனதா என்றுகூடத் தெரியவில்லை. சுவருக்கு மேல் வகிடு அசையவே இல்லை.

இரண்டாம் சுற்று. அதே வகிடு. நான் முக்காலியைக் கட்டிக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்வது? அவள் தப்பித்துவிட்டாள், அதற்கு வழி செய்தவன் நான். அடுத்த வருடமும் திரைச்சீலை துவைப்பாள். அதற்கு அடுத்த வருடமும். தங்கை இனிமேல் கூப்பிட மாட்டாள்.

மூன்றாம் சுற்றுக்கு முன்னால் அந்த வகிடு கொடிக்காரர் பக்கமாக நகர்ந்தது. என்ன பேசினார்கள் என்று அப்போது எனக்குக் கேட்கவில்லை. பிறகு அவளே சொன்னாள். "அந்த வாளி சும்மாத்தானே இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். எண்ணெய் சிந்தினால் கொட்டுவதற்காக மண் நிரப்பி மூடி போட்டு வைத்திருந்த வாளி. "சும்மா இல்லம்மா, அது டியூட்டில இருக்கு" என்றிருக்கிறார் அவர். "நானும்தான்" என்றாளாம் இவள்.

சுவருக்கு மேல் நெற்றி வந்தது. புருவம் வந்தது. கண், மூக்கு, வாய், தாடை எல்லாம் வந்தன. என் மனைவி முழு முகத்தோடு எழுந்து நின்றாள். கண் மட்டும் இறுக மூடியிருந்தது.

வண்டிகள் வந்தன. எனக்கு முன்னால் பிரேக் பிடித்தன. அவள் முகம் ஊசி போட்டுக்கொள்கிற குழந்தையின் முகம் போலச் சுருங்கியது. சத்தம் தாண்டியதும் ஒரு கண் திறந்தது. பிறகு மற்றொன்று. யாரும் செத்துப் போகவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

நான்காம் சுற்றில் அவள் கண்ணை மூடவில்லை. சுவரின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒரு பச்சை, என் இடைவெளியை ஒரு நொடி நிரப்பிவிட்டுப் போனது. அவள் தலை அதைப் பின்தொடர்ந்து மெல்லத் திரும்பியது, வளைவு முழுவதும், கடைசிவரை. வாய் திறந்திருந்தது. அந்த முகத்தை நான் முன்பு எங்கேயும் பார்த்ததில்லை. பயம் இருந்தது, போகவில்லை. ஆனால் பயத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றும் வந்து இடம் பிடித்து உட்கார்ந்திருந்தது.

ஐந்தாம் சுற்றில் கத்தினாள். என்னவென்று கேட்கவில்லை. ஆறாம் சுற்றில் சுவரைத் தட்டிக்கொண்டே கத்தினாள். கொடிக்காரர் ஒரு கையில் கொடியும் மறு கையில் அவள் முழங்கையுமாக நின்றார்.

பச்சை விளக்குக் கார் போனதும் முக்காலியோடு சாலையைக் கடந்தேன். வாளியின் மேல் நின்றபடியே என்னை மேலும் கீழும் பார்த்தாள். அன்று என்னைவிட உயரமாக இருந்தாள்.

"இப்ப எதுக்கு இது?" என்றாள். தொண்டை கட்டியிருந்தது.

வண்டிகள் நிறுத்துமிடத்துக்குப் போனோம். மச்சினி ஒன்பதாவதாக வந்திருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் அக்காவைத்தான் பார்த்தாள்.

"முதல்ல ஆளையே காணோம். வரலன்னுதான் நினைச்சேன். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு ஒரு முகம். அப்புறம்தான்..." என்றவள் மேலே சொல்லாமல் மூக்கை உறிஞ்சினாள்.

"அந்த மஞ்சள் வண்டிக்காரன் உள்ள வரும்போது ஏண்டி இடம் விட்டே?" என்றாள் என் மனைவி. "நாலாவது சுற்றுலயும் விட்டே, அஞ்சாவதுலயும் விட்டே. திட்டலாம்னு சொன்னேல்ல? அதான் திட்டுறேன்."

மச்சினி என்னைப் பார்த்தாள். நான் முக்காலியைப் பார்த்தேன்.

"நீங்க எப்படிப் பார்த்தீங்க மாமா?"

"ஒண்ணுமே தெரியல" என்றேன். இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி, அடுத்த வருடம் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கலாம், அங்கே இன்னும் நன்றாகத் தெரியுமாம், கொடிக்காரர் சொன்னார் என்றாள். இடத்தை அவளே பார்த்துக்கொள்வாளாம். வாளியையும் வீட்டிலிருந்தே எடுத்துப்போகலாமாம்.

சாயங்காலம் திரைச்சீலைகள் அழுக்காகவே தொங்கிக்கொண்டிருந்தன. நான் நோட்டை எடுத்து எழுதினேன்: டயர் கடை கேட், கீல் பக்கம். வண்டி தெரியாது. முதல் தரமான இடம். யாரிடமும் சொல்ல வேண்டாம்.