இரத்த அட்டையில் ஒரு சொட்டு

ஆய்வகத்து ஜன்னலில் மனைவியின் அக்கா முகம் தெரிந்ததுமே, இரத்தம் சோதிக்கும் மெஷின்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். அவள் பிரசவ வார்டு நர்ஸ்; பிறந்த குழந்தைகளின் குதிகாலில் குத்தி எடுத்த இரத்தத்தை அட்டையில் வைத்துச் சோதனைக்கு அனுப்புபவள். பெண் பார்க்கப் போன அன்றே "இந்த மூஞ்சிக்கு என் தங்கச்சியா?" என்று கேட்டவள்.

"இந்த மாசம் ஒன்பதாவது அட்டை. ஏன் திருப்பி அனுப்புனீங்க மாப்ள?"

"அட்டையில இருக்கிற வட்டத்துக்கு ஒரு சொட்டு ரத்தம்தான் வைக்கணும். சொட்டு மேல சொட்டு வச்சா அளவெல்லாம் தப்பா வரும், அக்கா."

"ஒரே சொட்டுதான் வச்சேன்."

"ஓரம் கறுத்திருக்கு. எனக்குக் கண்ணு இருக்கு."

"அது மட்டும்தான் இருக்கு. பொறந்து மூணு நாள் ஆன குழந்தை அது. துவண்டு கிடக்குது. மறுபடி குதிகால்ல குத்தி, மறுபடி உங்க வரிசையில மூணு நாள் நிக்கணுமா?"

"குத்துறவங்க ஒழுங்காக் குத்தியிருந்தா..."

அட்டையை ஜன்னல் பலகையில் அறைந்துவிட்டுப் போய்விட்டாள்.

இன்றோடு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று புகார் எழுத உட்கார்ந்தார். 'மதிப்பிற்குரிய ஐயா' வரை அருமையாக வந்தது. அதற்குமேல் ஆதாரம் வேண்டும். இரத்தத்தில் கரைந்திருப்பதையெல்லாம் தனித்தனியாக எடைபோட்டுச் சொல்லும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எதற்கு இருக்கிறது? இரட்டைச் சொட்டு என்றால் எல்லா அளவும் சேர்ந்தாற்போல் ஏறி நிற்கும். அதை அச்சடித்துப் புகாரோடு இணைத்தால் அவள் வாய் அடைபடும். நிராகரித்த அட்டையிலிருந்து மிளகளவு வட்டம் வெட்டி, திரவத்தில் ஊறவைத்து, வெறும் வன்மத்தின் பேரில் மெஷினுக்குள் செலுத்தினார்.

இரண்டே நிமிடத்தில் திரையில் கோடுகள் எழுந்தன. எல்லாம் சமர்த்தாக, இருக்க வேண்டிய உயரத்தில். ஒன்று மட்டும் பனைமரம் போல. லியூசின். பாலிலுள்ள புரதத்திலிருந்து வருவது. அதைச் சிதைக்க முடியாத உடம்புக்கு ஒவ்வொரு வாய்ப் பாலும் விஷம். சில நாளில் மூளையைத் தின்றுவிடும்.

ஏறியது ஒன்று மட்டும். அப்படியென்றால் சொட்டும் ஒன்றுதான்.

'மதிப்பிற்குரிய ஐயா'வைக் கசக்கி எறிந்துவிட்டு வார்டுக்கு போன் போட்டார்.

"என்ன, பத்தாவதும் திரும்பி வருதா?"

"அந்தக் குழந்தைக்குப் பால நிறுத்துங்க. இப்பவே. டாக்டரக் கூப்பிடுங்க. லியூசின் எக்கச்சக்கமா இருக்கு."

செருப்புச் சத்தம் ஓடியது. அவள் யாரையோ அதட்டுவது கேட்டது. அவர் போனை வைக்கவில்லை. நெடுநேரம் கழித்து அவள் குரல் மூச்சிரைக்கத் திரும்பி வந்தது.

"டாக்டர் வந்துட்டார். குளுக்கோஸ் ஏறுது. எத்தனை சொட்டுன்னு சொன்னீங்க மாப்ள?"

"ஒண்ணு."

"காது சரியாக் கேக்கல."

நன்றாகவே கேட்டிருக்கும். பின்னால் நாலு நர்ஸுகள் சிரிப்பதுகூட அவருக்குக் கேட்டது.

"ஒரே சொட்டு! போதுமா?"

"போதாது. மிச்ச எட்டு அட்டை?"

பட்டென்று போனை வைத்துவிட்டாள்.

வீட்டுக்குப் போகும் நேரம் தாண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் இப்படி அறைந்துவிட்டுப் போன எட்டு அட்டைகளும் கிடந்த இழுப்பறையைத் திறந்தார். அவளை ஒரு பாட்டம் திட்டிக்கொண்டே புதிய கையுறையை மாட்டி, முதல் அட்டையை எடுத்தார்.