கைப்பிடி உறை

அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷின் தம்பியின் வலது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. சுண்டுவிரல், மோதிர விரல். அதற்கப்புறம் அவன் சைக்கிளைத் தொடவில்லை. பிரேக்கை அமுக்க விரல் இருக்கிறது. அந்த நேரம் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள விரல் இல்லை. கை வழுக்கும். வேலைக்கு நடந்தே போய் வந்தான். இப்போது அச்சகம் ஊருக்கு வெளியே மாறுகிறது. சைக்கிள் ஓட்டினால் வேலை உண்டு, இல்லாவிட்டால் வீடுதான்.

யார் உதவி என்று வந்தாலும் அவனுக்குச் சந்தேகம். பரிதாபப்படுகிற மூஞ்சியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். கை எந்நேரமும் கால்சட்டைப் பைக்குள்தான்.

அண்ணன் சைக்கிளுக்குத் தோலில் சீட் உறை, சாமான் பை, கைப்பிடி உறை எல்லாம் கையாலேயே தைப்பவர். கேட்காமலே தம்பி சைக்கிளுக்கு உறை போட்டுவிட்டுக் கூப்பிட்டு அனுப்பினார்.

தடித்த தோலை ஊறவைத்து, பிடியைச் சுற்றி இழுத்துத் தைத்து, ஈரத்தோடு இறுக்கிப் பிடித்தால் விரல் தடம் அப்படியே நின்றுவிடும். அதுதான் அவர் வழக்கம். தம்பி குனிந்து பார்த்தான். நாலு விரலுக்கு நாலு பள்ளம்.

"என்னண்ணே, கிண்டலா? இந்த ரெண்டு குழியில எதை வைக்கிறது?"

அண்ணன் முகம் செத்துவிட்டது. "உன் கையும் என் கையும் ஒரே அளவுதானேடா... எப்பவும் போல என் கையால பிடிச்சுட்டேன்."

"நடந்தது தெரியாதா உங்களுக்கு?"

உள்ளேயிருந்து அண்ணி வந்தார். "நீங்க காட்டினாத்தானே தம்பி தெரியும்! நீங்க ஒளிச்சு வைக்கிறீங்க, இவரு பார்க்கப் பயப்படுறாரு. ரெண்டு பேரும் நல்லா ஆடுறீங்க கண்ணாமூச்சி."

அண்ணன் தையலை அறுத்தார். தோலை மறுபடி ஊறவைத்தார். விரல் இல்லாத இடத்துக்கு நேராக அடியில் ஒரு துண்டு வைத்து, மேடு கட்டித் தைத்தார். அப்புறம் தள்ளி நின்றார்.

"இதை நான் பிடிக்க முடியாது. நீதான் பிடிக்கணும்."

தம்பி கையை வெளியே எடுத்தான். அண்ணன் தழும்பின் மேல் கட்டைவிரலை வைத்தார். இரக்கப்படுகிறவர் தொடுகிற மாதிரி இல்லை. தோலின் கனம் பார்க்கிற மாதிரி.

"வலிக்குதா?"

"இல்லண்ணே."

"அப்ப நல்லா அமுக்கு. அசையாதே."

கொஞ்ச நேரத்தில், "மூக்கு அரிக்குதுண்ணே" என்றான்.

"இடது கை சும்மாதானே இருக்கு?" என்றார் அண்ணி.

மூன்று பேரும் சிரித்தார்கள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பில் வந்த கண்ணீர் என்று தம்பி எடுத்துக்கொண்டான்.

நன்றாகக் காய்ந்ததும் மறுநாள் தெருச் சரிவில் சைக்கிளை விட்டான். பாதியில் பிரேக்கை அமுக்கினான். உள்ளங்கை மேட்டில் முட்டி நின்றது, வழுக்கவில்லை. சைக்கிளும் நின்றது. இன்னொரு தரம் ஓட்டினான், இன்னொரு தரம் நிறுத்தினான். நன்றி என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு நெஞ்சு முட்ட அதுதான் இருந்தது, வாய்க்குத்தான் வரவில்லை. திரும்பி வந்து அண்ணன் முன்னால் இறங்கினான்.

"ஒரு நல்ல பூட்டு வாங்கணும்ணே. இதைப் பார்த்தா ஒருத்தனும் விட்டுவைக்க மாட்டான்."